தட்டிப் பார்த்தவள்

வீராயியின் ஆய்வேட்டுக்கு அறுபத்தொன்று விழுந்திருந்தது. ஊரில் நூற்றுக்கு அறுபத்தொன்று வாங்கினால் முதல் வகுப்பு. இந்தப் பல்கலைக்கழகத்தில் அது திருட்டின் அளவு. பதினைந்தைத் தாண்டினால் விசாரணை. நாற்பதைத் தாண்டினால், விசாரணை நடக்கும்போதே பெட்டியைக் கட்டத் தொடங்கலாம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஆய்வுக்கூடத்துப் பெரிய திரையில்தான் அந்த எண் வந்தது. எல்லோருடைய எண்ணும் அப்படித்தான் வரும். ஒளிவுமறைவு கிடையாது என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. யோனாஸுக்கு இரண்டு. அவன் பக்கத்து மேசைக்காரிக்கு நான்கு. அதற்குக் கீழே, சிவப்பில், அறுபத்தொன்று.

"அறுபத்தொன்றா!" என்றான் யோனாஸ். "வீரா, மீதி முப்பத்தொன்பதை மட்டும் ஏன் நீயே எழுதினாய்? அசதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யோனாஸ் கெட்டவன் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் முதல் துண்டை அவளுக்குத்தான் கொண்டுவந்து தருவான். ஆனால் அவன் சிரித்தால் கூடம் முழுக்கச் சிரிக்கும். அவள் சிரித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவள் தன் மேசையில் உட்கார்ந்து ஆய்வேட்டைத் திறந்தாள். நாலு அத்தியாயம் பச்சையாக இருந்தது. ஐந்தாவது அத்தியாயம், ஏட்டில் பாதிக்கு மேல் அதுதான், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை சிவப்பு. ஓரத்தில் ஒரே குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம்: தடம் இல்லை.

அந்த அத்தியாயத்துக்காக எட்டு மாதம் நடந்திருந்தாள். இந்த நகரத்தின் தென்கோடி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கீழ்க்கரை என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அங்கேதான் வீடு. கடல் உள்ளே வராமல் தடுக்க நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய மதில் பதினாறு கிலோமீட்டர் நீளம். வெளியே கருங்கல் பதித்து, உள்ளே கான்கிரீட். உப்புத்தண்ணீர் உள்ளிருந்து அரிக்கிறது, வெளியே ஒரு கீறல் தெரியாது. துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும், துளை போட்டாலோ மதில் பலவீனப்படும்.

துளை வேண்டாம், தட்டினால் போதும் என்று வீராயி எழுதியிருந்தாள். ஒன்றரைக் கிலோ சுத்தியல். பிடியை இறுக்கக் கூடாது, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோலத் தளர்வாகப் பிடித்துக் கல்லில் போட வேண்டும். நல்ல கல் கிண்ணென்று சொல்லும். பின்னால் வெற்றிடம், குவாரிப் பேச்சில் பொக்கை, இருந்தால் பொத்தென்று சொல்லும். சில பொக்கை காதை ஏமாற்றிவிடும். உள்ளங்கையை ஏமாற்ற முடியாது. நல்ல கல் சுத்தியலைத் திருப்பி அனுப்பும், பொக்கைக் கல் அதை வைத்துக்கொள்ளும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்குவாரியில் எட்டு வயதிலிருந்து அவள் பார்த்த வேலை. ஏழாம் பகுதியில் நாற்பது மீட்டருக்கு மதில் பொக்கை, நாலைந்து மழைக்காலம் தாங்கினால் அதிகம் என்று வரைபடம் போட்டுக் காட்டியிருந்தாள். நகரசபைக்குத் தனியாகவும் எழுதிப் பார்த்தாள். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வின் வழியாக வரவும் என்று பதில் வந்தது. அந்த ஆய்வுதான் இப்போது சிவப்பாகக் கிடக்கிறது.

விசாரணையில் குற்றம் உறுதியானால் பட்டம் போகும். பத்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். பெயர் பொதுப்பட்டியலில் ஏறும். அதில் ஏறிய பெயரை உலகத்தில் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது.

நேர்மைப் பிரிவு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மேசைப் பலகையில் துவாரகன் என்ற பெயரைப் பார்த்ததும் வீராயிக்கு மூச்சு வந்தது.

"அண்ணே..." என்று தொடங்கினாள்.

"உரையாடல் பதிவாகிறது," என்றான் அவன், அந்த நாட்டு மொழியில், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "அலுவல் மொழியில் பேசவும்."

விதிகளை வாசித்தான். கையெழுத்து வாங்கினான். விசாரணை நாளைக் குறித்துக் கொடுத்தான். பிறகு வழி காட்டுகிறேன் என்று எழுந்து, மின்தூக்கியைத் தாண்டி, அவசரப் படிக்கட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டுத் தானும் வந்தான்.

"இந்தக் கட்டடத்தில இஞ்ச மட்டும்தான் மைக் இல்லை. கெதியாக் கேளுங்கோ."

"நான் திருடலண்ணே."

"தெரியும்."

"தெரியுமா?"

"திருடினவைக்கு இவ்வளவு வராது தங்கச்சி. திருடுறவன் எங்கயோ இருக்கிறதைத்தானே எடுப்பான்? அதுக்குத் தடம் இருக்கும். இருவது, இருவத்தஞ்சு வரும். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்திட்டுப் போயிடுவான். உங்களுக்கு அறுபத்தொண்டு வந்திருக்கெண்டால், நீங்கள் உண்மையாவே புதுசா ஏதோ எழுதியிருக்கிறியள்."

வீராயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப யோனாஸு? அவனும்தான புதுசா எழுதிருக்கான். அவனுக்கு ரெண்டு."

"யோனாஸுக்குப் பிறந்த நாளிலயிருந்து தடம் இருக்கு. மூண்டு வயசில கட்டை அடுக்கினது, ஏழு வயசில பள்ளிக்கூடத்தால நூதனசாலைக்குப் போய்க் கல்லுப் பாத்தது, பத்து வயசில கேட்ட கேள்வி, எல்லாம் ஏறியிருக்கு. அவன் நாளைக்கு என்ன எழுதினாலும் மிஷின் பின்னால போய்த் தேடும். 'ஓ, அண்டைக்குப் பாத்தவன், அதிலயிருந்து வந்திருக்கு' எண்டு பச்சை போடும். உங்கட தடம் எப்ப தொடங்குது?"

"ரெண்டு வருஷம் முன்ன. வந்து எறங்குன அன்னைக்கி."

"ஓம். அதுக்கு முன்னால வெறும் இருட்டு. உங்களுக்கு என்ன வயசு, இருவத்தாறோ? மிஷினுக்கு ரெண்டு வயசு. ரெண்டு வயசுப் பிள்ளை கடல்மதிலைப் பற்றி எழுதினா ஆர் நம்புவினம்?"

"நெறத்தப் பாத்துதான செய்றாங்க? நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதான."

"சட்டத்தில நிறம் எண்டொரு சொல்லே இல்லை. மிஷின் முகத்தைப் பாக்காது. அஞ்சு வயசில எங்க இருந்தனி எண்டு மட்டும்தான் கேக்கும். போன வருசம் நூற்றி நாப்பது பேருக்கு விசாரணை. அதில நூற்றி முப்பத்தாறு பேர் கறுப்பும் மண்ணிறமும். வழக்குப் போட்டவை. நீதிமன்றம் சொல்லிச்சு, மிஷினுக்குக் கண் இல்லை, கண் இல்லாததுக்கு நிறவெறி வராது எண்டு."

"நீங்க இங்க எப்புடி?"

"நான் இஞ்ச பிறந்தனான். என்ர தடம் சுத்தம். அதாலதான் இந்தக் கதிரை." அவன் மேலே ஒரு முறை பார்த்துக்கொண்டான். "ஒரு வழி இருக்கு, கவனமாக் கேளுங்கோ. விசாரணைப் படிவத்தில 'சொந்தக் கண்டுபிடிப்பு' எண்டொரு பெட்டி இருக்கு. தலைவர் அதில குறி போட்டா, தடம் தேவையில்லை. ஆனா நீங்கள் உங்கட வாயால சொல்லோணும். நான் கண்டுபிடிச்சனான் எண்டு. ஒருக்காத் தயங்கினாலும் அவை விடாயினம்."

"நான் கண்டுபுடிக்கலயே. குவாரியில எல்லாருக்கும்..."

"வீராயி." முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "எல்லாருக்கும் தெரியும் எண்ட சொல்லை அந்த அறைக்குள்ள சொல்லிப்போடாதேங்கோ."

அன்று மதியம் அப்பாவைக் காணொலியில் கூப்பிட்டாள். பழனியாண்டி பாறைக்குழிக்கு மேலே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், மார்பு முடி எல்லாம் கல்தூசியில் வெளுத்துப்போய், மாவில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். பேசும் முன் இருமினார், இருமி முடித்து எச்சிலைத் துப்பி, அதைக் காலால் மண் தள்ளி மூடினார். மகள் பார்த்துவிடக் கூடாதாம்.

"என்னாயி, சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்ப்பா. அப்பா, கல்லத் தட்டிப் பாக்குறது ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இதென்ன கேள்வி? நடக்கறதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இல்லப்பா, வெளையாடாதீங்க. இங்க ஒரு சிக்கலு. எனக்கு இது எப்புடித் தெரியும்னு ஆதாரம் கேக்குறாங்க. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு பேசி அனுப்புனா..."

"பேசிட்டாப் போச்சு. அனுப்பு, என்ன சொல்லணும்?"

அவள் நேர்மைப் பிரிவின் சாட்சிப் படிவத்தைத் திறந்தாள். முதல் கேள்வியே சாட்சியின் தட எண். பழனியாண்டிக்கு அப்படி ஒன்று கிடையாது. எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. மூன்று முறை முயன்றாள்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. நானே கண்டுபுடிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

அந்தப் பக்கம் கஞ்சிச் சட்டி கீழே வைக்கப்பட்டது. "ஏத்தா, அப்புடிச் சொல்லாத. கல்லு முன்னால நான்னு சொல்லலாமா?"

குவாரியில் அது ஒரு கட்டுப்பாடு. பாறை பிளந்தால் நான் பிளந்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லு விட்டுக்குடுத்துச்சு என்பார்கள். நான் என்று நெஞ்சை நிமிர்த்தியவன் அடுத்த வெடியில் போவான் என்பது அங்கே பேச்சு. போனவர்களின் பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

"இங்க கல்லு இல்லப்பா. மனுசங்கதான்."

"எங்க இருந்தா என்ன. நீ சுத்தியலத் தொடக்கூடாதுன்னுதான ஒன்னைய அனுப்புனேன், அங்க போயும் சுத்தியலா?" அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "படிப்பு முடியப் போவுதுல்ல? முத்துமாரி கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் ஆமாம் என்று சொன்னாள்.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளைத் தலைமுடி, பரிவான முகம். வலப்பக்கம் வீராயியின் வழிகாட்டி பேராசிரியை லிண்ட். ஓரத்தில் குறிப்பெடுக்க துவாரகன். மேசையில் ஐந்து கருங்கல் கட்டிகள். வீராயி கேட்டபடி வைத்திருந்தார்கள். அதில் இரண்டில் உள்ளே வெடிப்பு இருக்கிறது. எந்த இரண்டு என்பது ஊடுகதிர்ப் படம் எடுத்த ஆளுக்கு மட்டும் தெரியும்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அறை ஒரு நொடி சலசலத்தது. காலில் அதிர்வு தெரிய வேண்டும், அதற்காகத்தான். ஆனால் தலைவரின் உதட்டோரம் லேசாகச் சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள். சுத்தியலை எடுத்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று தட்டு. இரண்டாவது, ஐந்தாவது என்றாள். ஐந்தாவதில் வெடிப்பு இடது மூலையிலிருந்து குறுக்கே ஓடுகிறது என்றும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

படத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். கோடு விரல் போன வழியே போயிருந்தது.

லிண்ட் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வியப்பாக இருக்கிறது," என்றார் தலைவர். உண்மையாகவே வியந்திருந்தார். "நீ இதைச் செய்ய முடியும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இந்த முறை யாருடையது என்பதுதான் கேள்வி. இது உன் கண்டுபிடிப்பா?"

படிக்கட்டில், குளியலறையில், பேருந்தில் என்று அந்த ஒரு வரியை அவள் நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள். கையில் சுத்தியல் இருந்தது, எதிரே ஐந்து கல் இருந்தது. கல் முன்னால் நான் என்ற சொல் வெளியே வரவில்லை. துவாரகன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"கண்டுபிடிப்பு என்று..." என்றாள். "கல் விட்டுக்கொடுத்தால்தான் தெரியும்."

"மன்னிக்கவும்?"

"எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இதில் என்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. லிண்ட் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் பரிவோடு தலையாட்டினார்.

"நேர்மையான பதில். நன்றி. துவாரகன், பதிவு செய்யுங்கள். முறை தன்னுடையது அல்ல என்று மாணவி ஒப்புக்கொண்டார். மூலத்தைக் குறிப்பிட இயலவில்லை."

துவாரகன் பதிவு செய்தான். தட்டச்சு செய்ய அவனுக்கு வெகுநேரம் பிடிக்கவில்லை.

தீர்ப்பு எழுத மூன்று நாள் இருந்தது. இரண்டாவது நாள் லிண்ட் தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

"எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, வீரா. நீ திருடவில்லை."

"அதை விசாரணை அறையில் சொல்லியிருக்கலாமே, அம்மா."

லிண்ட் தன் கோப்பையைப் பார்த்தார். "சொன்னால் என் தடத்திலும் சிவப்பு விழும். என்னிடம் இன்னும் ஆறு வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். நான் போனால் அவர்களையும் இழுத்துக்கொண்டு போவேன். கேள், தீர்ப்புக்கு முன் நீயாக அத்தியாயத்தைத் திரும்பப் பெறலாம். மீதி நாலு அத்தியாயத்துக்கும் தடம் சுத்தம். பட்டம் கிடைக்கும். இருக்கலாம்."

"மதில்?"

"அதைத்தான் யோசித்தேன்." லிண்டின் குரல் இறங்கியது. "யோனாஸ் அதைத் தன் ஆய்வேட்டில் சேர்க்கட்டும். இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டோம், கோபப்படாதே. அவனுக்கு மூன்றுதான் வருகிறது. ஏழு வயதில் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைத் தட்டி விளையாடியிருக்கிறானாம். இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது."

வீராயி கோப்பையைக் கீழே வைத்தாள். குவாரிக் குழியின் ஆழம் கண்ணில் வந்தது. அப்பாவின் வெளுத்த புருவம் வந்தது.

"நன்றியுரையில் உன் பெயர் வரும்," என்றார் லிண்ட்.

"வருமா?"

"போட்டுப் பார்த்தோம். உன் பெயரைச் சேர்த்தால் அவனுக்குப் பதினேழு ஆகிவிடுகிறது." அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "மதில் முக்கியம் இல்லையா, வீரா? அங்கே நாலாயிரம் குடும்பம்."

அந்த நாலாயிரம் குடும்பத்தில் வீராயியும் ஒருத்தி. ஏழாம் பகுதி மதிலிலிருந்து அவள் அறைச் சன்னல் இருநூறு அடி. எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். எப்படியாவது மதிலைச் சரிசெய்தால் சரி. தான் நாட்டில் இருந்தால் சரி. இந்த இரண்டில் எதற்காகத் தலையாட்டினாள் என்று பிற்பாடு பலமுறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். விடை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது.

பட்டம் வந்தது. யோனாஸுக்குப் பதக்கம் வந்தது. அவன் சுத்தியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, மதிலைத் தானே தட்டித் தானே கேட்கும் ஒரு கருவியைச் செய்தான். நகரசபை இருபது கருவி வாங்கியது. பதினாறு கிலோமீட்டர் மதிலையும் சோதிக்க ஆள் எடுத்தார்கள்.

பட்டம் முடித்த வெளிநாட்டுக்காரர்கள் மூன்று மாதத்துக்குள் படித்த துறையில் வேலையில் சேராவிட்டால் கிளம்ப வேண்டும். வீராயி முப்பது இடத்துக்கு எழுதிப் போட்டாள். முப்பது இடத்திலும் அவள் தடத்தில் ஒரு விசாரணை நடந்திருப்பதைப் பார்த்தார்கள். தண்டனை இல்லை, ஆனாலும் விசாரணை விசாரணைதானே. பன்னிரண்டாவது வாரம் நகரசபையிலிருந்து மட்டும் அழைப்பு வந்தது. மதில் சோதிப்பவர். ஆறு நாள் பயிற்சி, பயிற்றுநர் யோனாஸ்.

பயிற்சிக்கு வந்த பதினெட்டுப் பேரும் கீழ்க்கரைக்காரர்கள். நகரத்தின் மேட்டுப் பகுதிக்காரர்கள் யாரும் குளிரில் மதிலோரம் நிற்கும் வேலைக்கு வருவதில்லை. சேரும் படிவத்தில், கல்லைத் தட்டிச் சோதிப்பதில் முன் அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் தடம் கேட்பார்கள்; வீராயி இல்லை என்று அழுத்தினாள். அன்று மாலை தன் தடத்தைத் திறந்து பார்த்தாள். அன்றைய தேதியில் பச்சையாக ஒரு வரி ஏறியிருந்தது: கல்லின் ஒலி, முதல் பாடம், கற்பித்தவர் யோனாஸ்.

ஆறாவது நாள் தேர்வு. ஆளுக்கு ஒரு நீளம் மதில் கொடுத்துச் சோதித்து அறிக்கை தரச் சொன்னார்கள். அவளுக்கு ஏழாம் பகுதி விழுந்தது.

காற்று உப்பை வாரி முகத்தில் அடித்தது. கருவியை மதிலில் ஒட்டினாள். டக், டக், டக் என்று தட்டிக் கேட்டுப் பச்சை காட்டியது. நாற்பது மீட்டரும் பச்சை. வீராயி கருவியை இறக்கி வைத்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பைக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்து, பிடியைத் தளர்த்தி, ஒரு முறை போட்டாள். சத்தம் கிண்ணென்றுதான் வந்தது. கைக்குத்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை. மதில் அந்த அடியை வைத்துக்கொண்டது.

போன வருடத்தைவிட மோசம்.

"யோனாஸ்!"

அவன் வந்தான். கருவியைப் பார்த்தான், அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான்.

"உள்ளே பொக்கை," என்றாள். "காதுக்கு வராது. கையைக் கொடு, நீயே போட்டுப் பார்."

அவன் சுத்தியலை வாங்கி இறுக்கிப் பிடித்து அடித்தான். தோளைக் குலுக்கினான். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை."

"ஏழாம் பகுதி என்று நான் எழுதியிருந்தேனே. வரைபடத்தோடு."

"தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதை ஆய்வேட்டிலிருந்து நான்தான் நீக்கினேன். கருவி அதைப் பிடிக்கவில்லை. கருவி பிடிக்காததை நான் எப்படி எழுதுவது? என் பெயரில் வருகிற ஆய்வு, வீரா."

"அப்படியானால் இப்போது நான் எழுதுகிறேன்."

"எழுது." அவன் அறிக்கைத் திரையைத் திருப்பிக் காட்டினான். பழுது என்று போட்டால் அடுத்து ஒரு கட்டம் திறந்தது: ஆதாரம். "கருவி பச்சை காட்டுகிறது. ஆறு நாளுக்கு முன் உனக்கு அனுபவம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இதை எதிலிருந்து தெரிந்துகொண்டாய் என்று கேட்பார்கள். என்ன சொல்வாய்? உன் நன்மைக்குச் சொல்கிறேன். இரண்டாவது விசாரணை வந்தால் பத்து நாள்கூடத் தர மாட்டார்கள்."

அவன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னான்.

வீராயி மதிலைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் கடல் இடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், பள்ளத்தில், துணி காயும் கொடிகளும் சன்னல்களும். அவளுடைய அனுமதியில் நாலு நாள் மிச்சம் இருந்தது.

நன்று என்று அழுத்தினாள். கட்டைவிரலை வைத்தாள். வேலை உறுதியானது, இரண்டு வருடம் இருக்கலாம் என்று திரை சொன்னது. அறையில் தன் கையை வெந்நீரில் வெகுநேரம் வைத்திருந்தாள். குளிருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு முடிவுக்கு வந்தாள். எழுத்தில் சொன்னால்தானே தடம்? வீடு வீடாகப் போய் வாயால் சொல்லிவிடலாம். தெருவில் மைக் இல்லை. மேட்டுக்குக் குடிபோக விரும்புகிறவர்கள் மதில் சோதனை முடியும்வரை விண்ணப்பிக்கலாம் என்று நகரசபை ஒரு திட்டம் வைத்திருந்தது. பட்டியலை மூடிவிட்டார்களா என்பது தெரியவில்லை. எப்படியும் சொல்லியாக வேண்டும்.

முதல் கதவு கீழ்வீட்டு ரதி அக்காவுடையது. பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கிறவள். ரெட்டைப் பிள்ளைகள். வீராயி மதிலோரம் சுத்தியலோடு அலைந்த எட்டு மாதமும், "என்ன பிள்ளை, மதிலுக்கு நாடி பிடிச்சாச்சோ?" என்று கேலி பண்ணிக்கொண்டே சூடாகத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவள்.

"வாரும் வாரும்," என்று கதவை அகலத் திறந்தாள் ரதி. "என்ன முகம் இப்பிடி வாடிக் கிடக்கு? வேலை கிடைச்ச ஆள் மாதிரியே இல்லை."

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யாருட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மேட்டுல வீடு குடுக்குறாங்கல்ல, அதுக்கு எழுதிப் போட்டுருங்க. இன்னைக்கே."

"அதோ? அது முடிஞ்சுதே. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"எழுதிப் போட்டீங்களா?"

"ஓம், அப்பவே போட்டனான். எங்களுக்கு வந்தது. ரெண்டு அறை வீடு, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"ஏன்க்கா?"

ரதி அக்கா அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சன்னல் திரையை விலக்கி மதிலைக் காட்டினாள். ஒன்பது நாளாக வீராயி பார்ப்பதைத் தவிர்த்த ஏழாம் பகுதியில், ஆள் உயரத்தில், புதிதாக ஒரு பெரிய தகடு பதித்திருந்தார்கள். இங்கிருந்தே எழுத்துத் தெரிந்தது. சோதிக்கப்பட்டது. நன்று. அதற்குக் கீழே, அந்த நாட்டு எழுத்தில், வீராயி பழனியாண்டி.

"முதல் போகத்தான் யோசிச்சனான்," என்றாள் ரதி. "மிஷின் சொல்லுறதை ஆர் நம்புறது? பிறகு உம்மட பேரைக் கண்டன். அந்தப் பெட்டை மழையிலயும் பனியிலயும் நிண்டு தட்டினதை என்ர கண்ணால பாத்தனான், அவ பொய் சொல்லாள் எண்டு படி ஏறி ஏறி எல்லாருக்கும் சொன்னனான். இந்தக் கட்டடத்தில ஒரு சனமும் போகேல்லை."